ஒப்பீட்டு நேர்வாய்வு

ஒப்பீட்டு நேர்வாய்வு என்பது ஒன்றுக்கு மேற்பட்ட நேர்வுகளைத் தனித்தனியே ஆழமாக ஆராய்ந்து, பின்னர் அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பொது முடிவுகளைக் கண்டறியும் ஆய்வு முறை ஆகும். ஓர் ஊர், ஒரு நோயாளி, ஒரு தொழிற்சாலை, ஒரு புரட்சி, ஒரு நீதிமன்ற வழக்கு என எதுவும் நேர்வாக அமையலாம். சமூகவியல், மானிடவியல், அரசறிவியல், பொருளியல், மருத்துவம், மேலாண்மையியல், கல்வியியல் முதலிய பல துறைகளில் இம்முறை பயன்படுகிறது. ஒரு துறையினர் எழுதிய நேர்வாய்வுகளைப் பிற துறையினர் எழுதியவற்றோடு ஒப்பிடுவதும் இதன் ஒரு வகை ஆகும்.

தமிழில் இதன் அடிப்படை அலகான ஆய்வு நேர்வாய்வு, விடய ஆய்வு, தனிநிலை ஆய்வு எனப் பல பெயர்களால் வழங்கப்படுகிறது.

பொருள் விளக்கம்

தனி நேர்வாய்வு ஒன்றன் வலிமை அதன் ஆழம் ஆகும். ஓர் ஊரில் ஓராண்டு தங்கி ஆராய்பவர், அவ்வூரின் நிலவுடைமை, கூலி, கடன், உறவுமுறை ஆகியவை ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதை அறிய இயலும். ஆனால் அங்கு காணும் ஒரு விளைவுக்கு எது காரணம் என்பதை அந்த ஓர் ஊரை மட்டும் கொண்டு பிரித்தறிவது கடினம். எல்லாக் காரணிகளும் அங்கே ஒருசேர இருப்பதே இதற்குக் காரணம்.

ஆயிரக்கணக்கான அலகுகளை எண்களாக மாற்றி ஆராயும் புள்ளியியல் ஆய்வு, காரணிகளைப் பிரித்துக் காட்ட உதவும். எனினும் ஒவ்வோர் அலகிலும் விளைவு எவ்வழியாக நிகழ்ந்தது என்பதை அது பெரும்பாலும் காட்டுவதில்லை. ஒப்பீட்டு நேர்வாய்வு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. சில நேர்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ஆழத்தை முற்றிலும் இழக்காமல் காரணிகளைப் பிரிக்க அது முயல்கிறது.

வரலாறு

பிரான்சைச் சேர்ந்த பிரெடெரிக் லெ பிளே 1855 இல் ஐரோப்பியத் தொழிலாளர் குடும்பங்களைப் பற்றிய நூலை வெளியிட்டார். ஒவ்வொரு குடும்பத்தின் வரவு செலவையும் ஒரே அமைப்பில் பதிவு செய்தமையால் அவற்றை ஒப்பிட முடிந்தது. சமூக அறிவியலில் முறைப்படியான நேர்வாய்வுக்கு இது முன்னோடியாகக் கருதப்படுகிறது.

ஒப்பீட்டின் ஏரண அடிப்படையை ஆங்கிலேய மெய்யியலாளர் ஜான் ஸ்டுவர்ட் மில் 1843 இல் வெளியிட்ட ஏரணவியல் நூலில் வகுத்திருந்தார். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இம்முறை விரிவான விவாதத்துக்கு உள்ளானது. ஆடம் பிரிசவோர்ஸ்கி, என்றி டியூன் ஆகியோர் 1970 இல் நேர்வுகளைத் தெரிவு செய்யும் இரு வழிகளை விளக்கினர். நேர்வுகள் மிகச் சில, மாறிகளோ மிகப் பல என்பதே ஒப்பீட்டு முறையின் அடிப்படைச் சிக்கல் என்று ஆரெண்ட் லைபார்ட் 1971 இல் எழுதினார். இராபர்ட் யின் 1984 இல் வெளியிட்ட நூல் நேர்வாய்வு முறையின் பரவலான பாடநூல் ஆயிற்று. சார்லசு இராகின் 1987 இல் பூலிய இயற்கணிதத்தை அடிப்படையாகக் கொண்ட பண்புசார் ஒப்பீட்டுப் பகுப்பாய்வை அறிமுகப்படுத்தினார்.

ஒப்பீட்டு முறைகள்

ஒற்றுமை முறையும் வேற்றுமை முறையும்

மில் வகுத்த முறைகளுள் இரண்டு ஒப்பீட்டு நேர்வாய்வில் மிகுதியாகப் பயன்படுகின்றன. ஒரே விளைவு காணப்படும் பல நேர்வுகளில் ஒரே ஒரு சூழ்நிலை மட்டும் பொதுவாக இருப்பின், அதனை விளைவோடு தொடர்புடையதாகக் கொள்வது ஒற்றுமை முறை. விளைவு நிகழ்ந்த நேர்வும் நிகழாத நேர்வும் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஒத்திருப்பின், அந்த ஒன்றைக் காரணமாகக் கொள்வது வேற்றுமை முறை.

சமூக நிகழ்வுகளில் இம்முறைகளை நேரடியாகப் பொருத்த இயலாது என்பது மில்லின் சொந்தக் கருத்து. இரு நாடுகளோ இரு ஊர்களோ ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் ஒத்திருப்பது நடைமுறையில் இல்லை.

தெரிவு செய்யும் இரு வழிகள்

மிக ஒத்த நேர்வுகளை எடுத்துக்கொண்டு, அவற்றின் வேறுபட்ட விளைவுக்குக் காரணம் தேடுவது ஒரு வழி. மிக வேறுபட்ட நேர்வுகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் ஒரே விளைவு தோன்றியதற்குக் காரணம் தேடுவது மற்றொரு வழி. முன்னது வேற்றுமை முறையையும் பின்னது ஒற்றுமை முறையையும் ஒத்தது.

மறுநிகழ்வு

நேர்வுகளைக் கருத்துக்கணிப்பில் பயன்படும் மாதிரிகள்போலக் கருதக் கூடாது என்றும், மீண்டும் மீண்டும் செய்யப்படும் சோதனைகள்போலக் கருத வேண்டும் என்றும் யின் கூறுகிறார். அடுத்த நேர்வில் அதே விளைவு கிடைக்கும் என எதிர்பார்த்துத் தெரிவு செய்யலாம். அல்லது, முன்கூட்டியே சொல்லக்கூடிய காரணத்தால் மாறான விளைவு கிடைக்கும் என எதிர்பார்த்தும் தெரிவு செய்யலாம்.

பூலியப் பகுப்பாய்வு

இம்முறையில் ஒவ்வொரு நேர்விலும் ஒரு நிலைமை உண்டா இல்லையா என்பது அட்டவணையாக எழுதப்படுகிறது. எடுத்துக்காட்டாக, ஏரிகளைப் பற்றிய ஒரு கற்பனை ஆய்வில் "ஊரில் நீர் பாய்ச்சும் நீர்க்கட்டி உண்டு" என்பது முதல் நிலைமை எனவும், "கிணறுகள் மிகுதி" என்பது இரண்டாம் நிலைமை எனவும் கொள்க. நீர்க்கட்டி உள்ள ஊர்களில், கிணறுகள் மிகுந்தாலும் குறைந்தாலும் ஏரி பராமரிக்கப்படுகிறது என்று அட்டவணை காட்டினால், இரண்டாம் நிலைமையை நீக்கிவிடலாம். நீர்க்கட்டி இல்லாத ஊர்களுள் கிணறுகள் குறைந்தவற்றில் மட்டும் ஏரி பராமரிக்கப்பட்டால், அதே விளைவுக்கு இரண்டாவது வழி ஒன்று உண்டு என்பது தெளிவாகும். ஒரே விளைவுக்குப் பல பாதைகள் இருக்கக்கூடும் என்பதை ஏற்பது இம்முறையின் சிறப்பு.

துறைகளில் நேர்வின் பொருள்

நேர்வு என்னும் சொல் எல்லாத் துறைகளிலும் ஒரே பொருளைத் தருவதில்லை.

மருத்துவம்: இங்கு நேர்வு என்பது பெரும்பாலும் ஒரு நோயாளி. 1981 சூன் 5 அன்று ஐக்கிய அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம், லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஐந்து இளைஞர்களுக்கு அரிதான நுரையீரல் அழற்சி கண்டதை ஒரு குறிப்பாக வெளியிட்டது. எயிட்சு நோய் பற்றிய முதல் பதிவாக இது அறியப்படுகிறது. நோயை உண்டாக்கும் தீநுண்மி 1983 இல் கண்டறியப்பட்டது. சில நேர்வுகளின் ஒற்றுமை புதிய நோய் ஒன்றைச் சுட்டிக்காட்டியது. ஆயினும் காரணத்தை நிறுவ வேறு ஆய்வுகள் தேவைப்பட்டன.

சட்டம்: முன்தீர்ப்புகளை நடப்பு வழக்கோடு ஒப்பிடுவது வழக்கறிஞரின் அன்றாடப் பணி. ஒப்பீட்டின் நோக்கம் காரணத்தைக் கண்டறிவதன்று. முந்தைய தீர்ப்பு இவ்வழக்கைக் கட்டுப்படுத்துமா என்பதை முடிவு செய்வதே.

அரசறிவியல்: நாடு, ஆட்சி, போர், புரட்சி போன்றவை நேர்வுகள். தீடா இசுகோச்போல் 1979 இல் பிரெஞ்சு, உருசிய, சீனப் புரட்சிகளை ஒப்பிட்டு எழுதிய நூல் இவ்வகையில் புகழ் பெற்றது.

மேலாண்மையியல்: நிறுவனம் நேர்வாகிறது. நான்கு முதல் பத்து நேர்வுகள் வரை எடுத்துக்கொள்வது பெரும்பாலும் பொருத்தமாக அமையும் என்று கேத்லீன் ஐசன்கார்ட் 1989 இல் பரிந்துரைத்தார்.

துறைகளைக் கடந்த ஒப்பீடு: பொதுவள ஆய்வுகள்

வெவ்வேறு துறையினரின் நேர்வாய்வுகளை ஒன்றுதிரட்டி ஒப்பிட்டமைக்கு எலினோர் ஒசுட்ரோமின் பணி சிறந்த எடுத்துக்காட்டு. பாசன நீர், மேய்ச்சல் நிலம், காடு, மீன்பிடி நீர்ப்பரப்பு ஆகிய பொதுவளங்களைப் பற்றி மானிடவியலாளர், வரலாற்றாளர், பொருளியலாளர், பாசன வல்லுநர் எனப் பலர் தனித்தனியே எழுதியிருந்தனர். ஒரு துறையினர் எழுதியதை மற்றத் துறையினர் பெரும்பாலும் படித்திருக்கவில்லை. ஒசுட்ரோமும் அவருடைய குழுவினரும் இந்த ஆய்வுகளைத் திரட்டி, ஒரே வினாப் பட்டியலுக்கு ஏற்பக் குறியீட்டாக்கம் செய்தனர்.

1990 இல் வெளியான அவரது நூல் சுவிட்சர்லாந்தின் மலைப் புல்வெளிகள், சப்பானிய ஊர்க்காடுகள், எசுப்பானியாவின் வாலென்சியாப் பாசனம், பிலிப்பீன்சின் பாசனக் குழுக்கள் ஆகிய நீடித்த அமைப்புகளை ஆராய்ந்தது. இலங்கையின் கிரிந்தி ஓயா பாசனத் திட்டம் போன்ற தோல்வியுற்ற நேர்வுகளும் அதில் இடம்பெற்றன. இந்த ஒப்பீட்டிலிருந்து எட்டு வடிவமைப்புக் கொள்கைகளை அவர் வகுத்தார். தெளிவான எல்லை, பயனாளர்களே விதி வகுத்தல், கண்காணிப்பு, தவற்றுக்கேற்பப் படிப்படியாக உயரும் தண்டம் முதலியவை அவற்றுள் அடங்கும். 2009 இல் அவருக்குப் பொருளியலுக்கான நோபல் நினைவுப் பரிசு வழங்கப்பட்டது. பின்னர் 2010 இல் வெளியான ஒரு மீளாய்வு, 91 ஆய்வுகளைக் கொண்டு இக்கொள்கைகளைச் சோதித்து, பெரும்பாலும் அவற்றுக்கு ஆதரவு இருப்பதைக் கண்டது.

இப்பணியின் முதன்மையான இடர், பிறர் எழுதியவற்றில் தேவையான செய்தி இல்லாமை ஆகும். சடங்கை ஆராயச் சென்றவர் நீர்ப்பங்கீட்டைக் குறிக்காமல் விட்டிருக்கலாம். அவர் எழுதாதது அவ்வூரில் இல்லாதது ஆகிவிடாது. ஒப்பிடுபவர் இவ்வேறுபாட்டை மறந்தால் முடிவு பிழையாகிவிடும்.

தென்னிந்தியாவில் இவ்வகைச் சிந்தனைக்கு இருவேறு பங்களிப்புகள் உண்டு. இராபர்ட் வேட் 1988 இல் வெளியிட்ட நூலில், ஆந்திரப் பிரதேசத்துக் கால்வாய்ப் பாசன ஊர்களை ஒப்பிட்டு, நீர் எளிதில் கிடைக்காத கடைமடை ஊர்களில் கூட்டு அமைப்பு வலுவாக இருப்பதைக் காட்டினார். தமிழ்நாட்டின் ஏரிப் பாசனத்தை ஆராய்ந்த டேவிட் மாசி, 2003 இல் வெளியிட்ட நூலில், ஏரி மேலாண்மையைப் பொது விதிகளால் மட்டும் விளக்க இயலாது என்றார். சாதி, மதிப்பு, ஆட்சியின் வரலாறு ஆகியவற்றோடு அது பிணைந்துள்ளது என்பது அவரது கருத்து.

தென்னிந்திய எடுத்துக்காட்டுகள்

வங்கலாவும் தலேனாவும்

மானிடவியலாளர் இசுகார்லெட் எப்சுடீன் 1954 முதல் 1956 வரை மைசூர் மாநிலத்தின் மண்டியாப் பகுதியில் இரு ஊர்களை ஆராய்ந்து, 1962 இல் நூலாக வெளியிட்டார். வங்கலா, தலேனா என்பன அவ்வூர்களுக்கு அவர் இட்ட புனைபெயர்கள். வங்கலாவுக்குக் கால்வாய்ப் பாசனம் கிடைத்தது. தலேனா மேட்டில் இருந்தமையால், சுற்றிலும் நன்செய் சூழ்ந்திருந்தும் வறண்ட ஊராகவே இருந்தது.

பாசனம் பெற்ற வங்கலாவினர் ஆலைக் கரும்பு பயிரிட்டுச் செல்வம் பெற்றனர். ஆனால் வேளாண்மையே தொடர்ந்து வாழ்வின் மையமாக இருந்தமையால், குடியானவர்களுக்கும் அவர்களைச் சார்ந்த உழைப்பாளர்களுக்கும் இடையிலான பரம்பரை உறவு பெரிதும் மாறவில்லை. தலேனாவினர் வேலை, வணிகம், போக்குவரத்து எனப் புறத்தொழில்களை நாடினர். அங்கே பழைய உறவுமுறைகள் தளர்ந்தன. பாசனம் வந்தால் சமூகம் மாறும் என்னும் எளிய எதிர்பார்ப்பு இந்த ஒப்பீட்டால் கேள்விக்கு உள்ளானது. வங்கலாவை மட்டும் ஆராய்ந்திருந்தால் இம்முடிவு கிட்டியிருக்காது. எப்சுடீன் 1970 இல் மீண்டும் அவ்வூர்களுக்குச் சென்று ஆராய்ந்தார்.

சிலேட்டர் கிராமங்கள்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் இந்தியப் பொருளியல் பேராசிரியராக இருந்த கில்பர்ட் சிலேட்டர், 1916 இல் தம் மாணவர்களிடம் வினாப் பட்டியலைக் கொடுத்து அவரவர் ஊர்களை ஆராயச் செய்தார். இதன் தொகுப்பு "சில தென்னிந்தியக் கிராமங்கள்" என்னும் பொருள்படும் ஆங்கில நூலாக 1918 இல் வெளிவந்தது. தென்னார்க்காட்டின் இருவேல்பட்டு, வடவார்க்காட்டின் தூசி, திருநெல்வேலியின் கங்கைகொண்டான், தஞ்சாவூரின் பாலக்குறிச்சி, இராமநாதபுரத்தின் வடமலைபுரம் ஆகியவை இதில் அடங்கிய ஊர்களுள் சில.

பி. ஜே. தாமசும் கே. சி. இராமகிருட்டிணனும் இவ்வூர்களில் செய்த மறு ஆய்வு 1940 இல் வெளியானது. 1960களில் மார்கரெட் ஆசுவெல்லும், 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தோரும் மறு ஆய்வுகளை மேற்கொண்டனர். இருவேல்பட்டு 2008 இல் மீண்டும் ஆராயப்பட்டது. ஜான் ஆரிசு, ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் அதன் முடிவுகளை 2010 இல் வெளியிட்டனர். பெருநிலக்கிழார் குடும்பத்தின் ஆதிக்கம் குன்றியதையும், வேளாண்மைக்குப் புறம்பான வேலைகள் பெருகியதையும், நிலமற்றோர் நிலவுடைமையாளரைச் சார்ந்திருக்கும் நிலை குறைந்ததையும் அவ்வாய்வு பதிவு செய்தது.

இங்கு ஒப்பீடு இருவகைப்படும். ஒரே ஆண்டில் ஐந்து ஊர்களை ஒப்பிடுவது ஒன்று. ஒரே ஊரை அதன் முற்காலத்தோடு ஒப்பிடுவது மற்றொன்று. இரண்டிலும் இடர்கள் உண்டு.

முதலாவது, தெரிவு. மாணவர்களின் சொந்த ஊர்கள் என்பதாலேயே இவை தெரிவு செய்யப்பட்டன. அக்காலத்தில் கல்லூரிக்கு மகனை அனுப்பக்கூடிய குடும்பம் இருந்த ஊர் எல்லா ஊர்களையும் ஒத்தது எனக் கொள்ள இயலாது.

இரண்டாவது, அளவை. காணி, மா, வேலி ஆகிய நில அளவைகளும் மரக்கால், கலம் ஆகிய முகத்தல் அளவைகளும் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுபட்டன. நெல்லாகக் கொடுத்த கூலியைப் பிற்காலத்து உரூபாக் கூலியோடு ஒப்பிட, அவ்வாண்டின் விலையும் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, வகைப்பாடு. கடனால் கட்டுண்டு ஆண்டு முழுவதும் ஒரே வீட்டுக்கு உழைத்த படியாளையும், விரும்பிய இடத்தில் வேலை செய்யும் நாட்கூலியாளையும் "வேளாண் தொழிலாளர்" என்னும் ஒரே தலைப்பில் எண்ணினால், ஒரு நூற்றாண்டில் நிகழ்ந்த மாற்றங்களுள் மிக முக்கியமானது அட்டவணையிலிருந்து மறைந்துவிடும். தொகை மாறாதிருக்க, மனிதரின் நிலை மாறியிருக்கும்.

கள்ளக்குறிச்சிப் பகுதியில் ஓர் ஒப்பீட்டு வடிவமைப்பு

நேர்வுகளைத் தெரிவு செய்வதில் உள்ள சிக்கலை மூங்கில்துறைப்பட்டைக் கொண்டு விளக்கலாம். கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் வடபகுதியில், தென்பெண்ணை ஆற்றின் கரையில் இவ்வூர் அமைந்துள்ளது. ஆற்றின் மேற்பகுதியில், திருவண்ணாமலை மாவட்டத்தில், 1958 இல் கட்டி முடிக்கப்பட்ட சாத்தனூர் அணை உள்ளது. கள்ளக்குறிச்சி கூட்டுறவுச் சர்க்கரை ஆலையின் முதல் அலகு மூங்கில்துறைப்பட்டில் இயங்கி வருகிறது. இதே மாவட்டத்தின் மேற்கில் கல்வராயன் மலை உள்ளது. அங்கு மலையாளி பழங்குடியினர் வாழ்கின்றனர். 1976 வரை அம்மலை சாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது.

கரும்பும் ஆலையும் ஊர் மக்களின் வாழ்வை எவ்வாறு மாற்றின என்பது ஆய்வு வினா எனக் கொள்வோம். மூங்கில்துறைப்பட்டை ஒட்டிய ஓர் ஊரையும் கல்வராயன் மலையூர் ஒன்றையும் ஒப்பிடுவது முதலில் தோன்றக்கூடிய வழி. ஆனால் இவ்விரண்டும் பாசனம், உயரம், சாலை வசதி, நில உரிமையின் வரலாறு, மக்கள் சமூகம் என ஏறத்தாழ எல்லாவற்றிலும் வேறுபடுகின்றன. எனவே மலையூரின் வறுமையை ஆலை இல்லாமையோடு மட்டும் தொடர்புபடுத்துவது தவறாகும். நில உரிமையின் வரலாற்றால் விளைந்த குறையை, பயிரின் குறையாகவோ மக்களின் குறையாகவோ காட்டிவிடும் ஆபத்து இதில் உண்டு.

இவ்வினாவுக்குப் பொருத்தமான ஒப்பீடுகள் வேறு. அதே சமவெளியில், அதே மண்ணும் ஒத்த மக்கள் தொகுதியும் கொண்டு, பாசனம் எட்டாத ஊர் ஒன்றை எடுப்பது வங்கலா–தலேனா வடிவத்தை ஒத்தது. ஆலையின் செயற்பாடே வினாவாயின், அதே கூட்டுறவு முறையில் கல்வராயன் மலையடிவாரத்தில் உள்ள கச்சிராயபாளையத்தில் இயங்கும் இரண்டாம் அலகோடு முதல் அலகை ஒப்பிடலாம். ஒரே மாவட்டம், ஒரே சட்டம், ஒரே பயிர் என்பதால் மற்ற வேறுபாடுகள் தெளிவாகத் தெரியும். மலைப்பகுதியின் நில உரிமையே வினாவாயின், மலையாளி மக்கள் வாழும் சேர்வராயன் மலை, சவ்வாது மலை ஆகியவற்றின் ஊர்களே ஏற்ற ஒப்பீடு. வினா மாறினால் ஒப்பிடத் தக்க ஊரும் மாறும்.

செய்முறை

ஒப்பீட்டு நேர்வாய்வு பொதுவாகப் பின்வரும் படிகளைக் கொண்டது.

1. ஆய்வு வினாவை வரையறுத்தல்.
2. எது நேர்வு, அதன் எல்லை யாது, காலம் யாது என்பவற்றை முடிவு செய்தல்.
3. நேர்வுகளைத் தெரிவு செய்து, தெரிவின் காரணத்தை எழுதி வைத்தல். விளைவு நிகழாத நேர்வுகளையும் சேர்த்தல்.
4. எல்லா நேர்வுகளிலும் ஒரே வினாக்களை ஒரே வரையறைகளோடு கேட்டல்.
5. ஒவ்வொரு நேர்வையும் முதலில் தனியே முழுமையாக எழுதுதல்.
6. நேர்வுகளை வரிசைகளாகவும் நிலைமைகளை நிரல்களாகவும் கொண்ட அட்டவணையில் ஒப்பிடுதல். "இல்லை" என்பதையும் "தகவல் இல்லை" என்பதையும் வேறுவேறாகக் குறித்தல்.
7. முடிவோடு பொருந்தாத நேர்வை ஒதுக்காமல் மீண்டும் ஆராய்தல்.
8. முடிவு எத்தகைய நேர்வுகளுக்குப் பொருந்தும் என்னும் வரம்பைக் குறிப்பிடுதல்.

குறைகளும் விமர்சனங்களும்

தெரிவுச் சாய்வு: வெற்றி பெற்ற நேர்வுகளை மட்டும் ஒப்பிட்டு வெற்றிக்குக் காரணம் கூறுவது பரவலான பிழை. அதே காரணி தோல்வியுற்றவற்றிலும் இருந்திருக்கலாம். விளைவின் அடிப்படையில் நேர்வுகளைத் தெரிவு செய்தால் விடை எவ்வாறு திரிகிறது என்பதைப் பார்பரா கெடசு 1990 இல் விளக்கினார்.

நேர்வுகளின் சார்பு: ஒப்பிடப்படும் நேர்வுகள் ஒன்றிலிருந்து ஒன்று கற்றிருந்தால் அவற்றின் ஒற்றுமை தனிச் சான்றாகாது. எட்வர்டு டைலர் 1888 இல் பல இனக்குழுக்களின் வழக்கங்களை ஒப்பிட்டுப் படித்த கட்டுரையின்போது பிரான்சிசு கால்ட்டன் இவ்வினாவை எழுப்பினார். இது கால்ட்டன் சிக்கல் எனப்படுகிறது.

சூழலின் இழப்பு: அட்டவணையில் அடங்கும் பொருட்டு நேர்வைச் சுருக்கும்போது, அதன் தனித்தன்மை இழக்கப்படுகிறது என்பது மானிடவியலாளர் பலரின் குற்றச்சாட்டு. இதற்கு விடையாக ஜார்ஜ் நோபிளிட், டுவைட் ஏர் ஆகியோர் 1988 இல் வேறொரு முறையை முன்வைத்தனர். ஓர் ஆய்வின் கருத்தாக்கங்களை மற்றோர் ஆய்வின் மொழிக்குப் பெயர்த்து விளக்குவது அதன் அடிப்படை.

சொல்லின் ஒற்றுமை: வெவ்வேறு துறைகள் ஒரே சொல்லை வெவ்வேறு பொருளில் ஆள்வதால், ஒத்தவையாகத் தோன்றுபவை ஒத்தவை ஆகா. "குடும்பம்" என்பது ஒருவருக்கு ஒரே அடுப்பில் உண்போர். மற்றொருவருக்கு ஒரே பட்டாவில் உள்ள பங்காளிகள். இவ்விரு ஆய்வுகளின் சராசரி நிலவுடைமையை அருகருகே வைத்தால் கிடைப்பது ஊர்களின் வேறுபாடு அன்று. வரையறைகளின் வேறுபாடு ஆகும். ஆகவே பிறர் செய்த நேர்வாய்வுகளை ஒப்பிட முற்படுவோர், முடிவுகளைப் படிக்கும் முன் அவற்றின் வரையறைகளைப் படிப்பது இன்றியமையாதது.

இவற்றையும் பார்க்க

நேர்வாய்வு
ஆய்வு முறையியல்
சிலேட்டர் கிராமங்கள்
எலினோர் ஒசுட்ரோம்
ஏரிப் பாசனம்
மூங்கில்துறைப்பட்டு
கல்வராயன் மலை